இரண்டாம் இடத்துக்கு ஐந்து பேர்

டாலிவர் மாவட்டத்தில் அழகிப் போட்டி கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லாவிட்டால் மிஸ் யூலீன் ஸ்ட்ரிக்லண்ட் சொல்லுவார், அவர் சொல்ல ஆரம்பித்தால் கையிலிருக்கும் காபி ஆறிப்போகும். அங்கே இருப்பது ‘டாலிவர் மாவட்ட முன்மாதிரி நங்கையர் கல்வி உதவித் திட்டம்’. அதில் பதினேழு வயதுப் பெண்கள் தரையைத் தொடும் கவுன் போட்டுக்கொண்டு மேடையில் நடப்பார்கள், நின்று திரும்புவார்கள், பல் தெரியச் சிரிப்பார்கள். ஜெயித்தவளுக்குக் கிரீடம் வைத்து அரசி என்று பட்டம் கட்டுவார்கள். ஆனாலும் அது அழகிப் போட்டி அல்ல. முப்பத்தெட்டு வருடமாக அல்ல.

கென்ட்ரா ஹட்டோவுக்கு இந்தத் திட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பர்மிங்ஹாமில் இருக்கும் ஒரு நர்சிங் கல்லூரி. அங்கே சீட்டுக் கிடைத்துவிட்டது, ஆகஸ்டில் சேர வேண்டும், சேராவிட்டால் சீட்டு வேறு யாருக்கோ போய்விடும். முதல் வருடக் கட்டணம் கட்டத்தான் வழியில்லை. அம்மா வெல்டா கோழி ஆலையில் எலும்பெடுக்கும் வரிசையில் பதினாறு வருடமாக நிற்கிறாள். அவள் கையைப் பார்த்தாலே வழியில்லை என்பது தெரியும்.

தொண்ணூற்று நாலாம் வருடம் ஜனவரி மாதம், பள்ளிக்கூடக் கேன்டீனில் தனியாக உட்கார்ந்து அந்தக் கல்லூரியின் விளக்கப் புத்தகத்தைப் பத்தாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தாள் கென்ட்ரா. எதிரே ஒரு கிரீடம் வந்து நின்றது. கிரீடத்துக்குக் கீழே நடப்பு அரசி ட்ரீசா ப்ரூவிட். தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்காக வெள்ளைப் பட்டை, கையில் விண்ணப்பத் தாள்.

“உக்காரலாமா?” என்று கேட்டுவிட்டு ட்ரீசா உட்கார்ந்தாள். “உன்கிட்ட என்னமோ இருக்கு.”

கென்ட்ரா அவசரமாக முகவாயைத் துடைத்துக்கொண்டாள். தக்காளி சாஸ் ஒட்டியிருக்கிறது என்று நினைத்தாள்.

“அது இல்ல. ஒரு களை. தூரத்துலேர்ந்தே தெரியுது. நீ ஏன் நம்ம திட்டத்துல சேரக் கூடாது?”

“ஜெயிச்சா காலேஜுக்குப் பணம் குடுப்பாங்களா? உடனே போய்ச் சேரலாமா?”

ட்ரீசா சிரித்தாள். மேல்வரிசைப் பல் எட்டும் ஒரே அளவில் தெரிந்தன.

“இது அழகிப் போட்டி இல்ல,” என்றாள்.

கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பது கென்ட்ராவுக்கு அப்போது உறைக்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். ட்ரீசா விண்ணப்பத்தை மை காயும் முன்பே பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள். அடுத்த வகுப்புக்கு நேரமாகிவிட்டது போல என்று கென்ட்ரா நினைத்துக்கொண்டாள்.

அறிமுகக் கூட்டம் தீயணைப்பு நிலையத்து ஹாலில் நடந்தது. ஐந்து பெண்கள், ஐந்து அம்மாக்கள், பதினோரு பக்க ஒப்பந்தம். திட்டத்தை நடத்தும் மிஸ் யூலீன் முத்து மாலையும் அளவெடுக்கும் நாடாவுமாக வந்து நின்றார். கல்யாணமாகியும் மரியாதைக்காக ஊருக்கே அவர் ‘மிஸ்’தான், கோழி ஆலை அவர் புருஷனுடையது. ஆனால் அதை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை, தேவையும் இருந்ததில்லை.

“நாங்க அழகைப் பாக்கறதில்ல,” என்றார் மிஸ் யூலீன். “உள்ளத்தைப் பாக்கறோம். உள்ளம் நல்லா இருந்தா அது இடுப்புல தெரியும். கையைத் தூக்கு கண்ணு.”

ஐந்து பேரின் இடுப்பையும் அளந்து உள்ளம் என்ற தலைப்பின் கீழ் எழுதிக்கொண்டார். பிறகு அம்மாக்கள் கையெழுத்துப் போட்டார்கள். வேலையிலிருந்து நேராக வந்த வெல்டா விரல் கட்டோடு எங்கே போடச் சொன்னார்களோ அங்கெல்லாம் போட்டாள். எல்லோரும் போட்டு முடித்த பிறகு விதிகள் வாசிக்கப்பட்டன. அதுதான் அங்கே முறை. முன்னால் வாசித்தால் கையெழுத்துப் போடும்போது கவனம் சிதறுகிறது என்று எழுபதுகளிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

பதினாலாவது விதி இப்படி இருந்தது. அரசியானவள் தன் ஆட்சிக் காலம் முழுவதும் மாவட்டத்துக்குள்ளேயே குடியிருக்க வேண்டும். அடுத்த அரசிக்குக் கிரீடம் வைத்த பிறகே கல்வி உதவித்தொகை அவளுக்கு வழங்கப்படும்.

கென்ட்ரா கையைத் தூக்கினாள். “மிஸ் யூலீன், எனக்கு ஆகஸ்ட்ல காலேஜ் ஆரம்பிக்குது.”

“சந்தோஷம் கண்ணு.”

“இங்கயே இருந்தா எப்படிப் போறது? சீட்டு போயிடுமே.”

மிஸ் யூலீன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “எழுபத்தொண்ணுல ஒரு அரசி இருந்தா. பேர் சொல்ல மாட்டேன். ஆகஸ்ட் மாசம் காலேஜுக்குப் போறேன்னு கிளம்பிட்டா. அந்த வருஷம் கிறிஸ்துமஸ் ஊர்வலத்துல ஒரு நாற்காலியில கிரீடத்தை மட்டும் வெச்சு இழுத்துட்டுப் போனோம். நானே என் கண்ணால பாத்தேன். சின்னக் குழந்தைங்க அந்த நாற்காலிக்குக் கையாட்டிச்சு. அன்னிக்கு எழுதினதுதான் பதினாலாவது விதி. படிப்பு எங்கயும் ஓடிப் போயிடாது கண்ணு. ஊர்வலம் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும்.”

“ஆனா இது கல்வி உதவித் திட்டம்னு…”

“ஆமா. கல்வி மேல எங்களுக்கு அவ்வளவு மரியாதை. அதனாலதான் அதை அவசரப்படுத்தறதில்ல.”

மற்ற நாலு அம்மாக்களும் தலையாட்டினார்கள். நாலு பெண்களும் விதி வாசித்தபோது அசையக்கூட இல்லை, மனப்பாடமாகத் தெரிந்த ஜெபத்தைக் கேட்பவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். கென்ட்ராவுக்கு அது விசித்திரமாகப் பட்டது.

வீட்டுக்குப் போனதும் விலகிக்கொள்கிறேன் என்று கடிதம் எழுதினாள். ஆனால் இருபத்திரண்டாவது விதி குறுக்கே நின்றது. ஐந்து பேருக்குக் குறைந்தால் திட்டமே ரத்து, அரசி அந்த வருடமும் அரசியாகவே தொடர்வாள். அதுகூடப் பெரிய தடையில்லை. கடிதத்தைத் தபாலில் போட்ட மூன்றாம் நாள் ஆலையில் மேஸ்திரி வெல்டாவின் பக்கத்தில் வந்து நின்றான்.

“மிஸ் யூலீன் உன் பொண்ணை ரொம்ப விசாரிச்சாங்க,” என்றான். “அப்புறம், உயிர்க்கோழி மாட்டற ரூம்ல ஆள் பத்தலையாம். அதையும் சொல்லச் சொன்னாங்க. ரெண்டுக்கும் சம்பந்தம் இல்ல.”

உயிர்க்கோழி மாட்டும் அறையில் விளக்குப் போட மாட்டார்கள். இருட்டில் கோழி அடங்கும் என்பதற்காக. நிமிடத்துக்கு இருபத்தைந்து கோழியைக் காலைப் பிடித்துத் தலைகீழாகக் கொக்கியில் மாட்ட வேண்டும். முகமெல்லாம் எச்சமாகும், மணிக்கட்டு இரண்டு வருடத்தில் போய்விடும். வெல்டாவுக்கு நாற்பத்தாறு வயது.

அன்று சாயங்காலம் வெல்டா மகளின் எதிரே உட்கார்ந்தாள். “போய் நில்லுடி. நின்னுட்டு ஜெயிக்காம வா. அவ்வளவுதானே? தோக்கறது நம்ம குடும்பத்துக்கு ஒண்ணும் புதுசு இல்ல.”

கென்ட்ராவுக்குச் சிரிப்பு வந்தது. ஜெயிக்காமல் இருப்பது என்ன பெரிய கம்பசூத்திரமா என்று நினைத்தாள்.

ஒத்திகை ஆறு வாரம். எப்படி நடப்பது, நடக்கும்போது எப்படி நடக்காததுபோல் இருப்பது, உதடு பல்லில் ஒட்டாமலிருக்கப் பல்லுக்கு வாசலின் தடவுவது, நகரும் ஊர்வல வண்டியிலிருந்து எப்படிக் கையாட்டுவது என்றெல்லாம் பயிற்சி. கையாட்டத்துக்கு மட்டும் மூன்று நாள். ‘மணிக்கட்டால் ஆட்டுகிறவள் கடையில் நிற்பவள், முழங்கையால் ஆட்டுகிறவள் அரசி’ என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

இரண்டாம் வாரம் கென்ட்ரா ஒன்றைக் கவனித்தாள். மற்ற நாலு பேரும் அபாரத் திறமைசாலிகள். ஆனால் ஆளுக்கொரு இடத்தில் தவறாமல் தடுமாறினார்கள். பியானோ வாசிக்கும் பெண் ஒவ்வொரு முறையும் ஒரே கட்டையில் பிசகினாள். இசைக்கேற்பத் தடியைச் சுழற்றி மேலே வீசிப் பிடிக்கும் பெண் சரியாக ஒருமுறை அதைக் கீழே போட்டாள். மிஸ்டி லெட்பெட்டர் தேவதை மாதிரி பாடுவாள், கடைசிச் சுரத்தில் மட்டும் குரல் மயிரிழை கீழே இறங்கும்.

“அந்தக் கடைசி இடத்தைச் சரி பண்ணிட்டா நீதான் அரசி,” என்று உடை மாற்றும் அறையில் மிஸ்டியிடம் ஆறுதலாகச் சொன்னாள் கென்ட்ரா.

மிஸ்டி பயந்துபோய்க் கதவைச் சாத்தினாள். “வாயைக் கழுவு. அந்த இடத்தைக் கொண்டு வர்றதுக்கு எனக்கு நாலு வருஷம் ஆச்சு.”

“எதைக் கொண்டு வர்றதுக்கு?”

“நிஜமாவே உனக்கு யாரும் சொல்லலையா?” மிஸ்டி அவளைப் பாவமாகப் பார்த்தாள். “ரெண்டாவதா வர்றவளுக்கு அன்னிக்கே செக்கு. எந்த விதியும் கிடையாது, மறுநாளே ஊரை விட்டுப் போலாம். எங்கம்மா ஏழு வயசுலேர்ந்து என்னை ரெண்டாவதா வரத்தான் பழக்கறாங்க. ரொம்ப நல்லாப் பாடினா முதல்ல வந்துடுவேன், மோசமாப் பாடினா மூணாவது. நடுவுல ஒரு நூல் அளவு இடம் இருக்கு. அதுல நிக்கணும்.”

“அப்ப இங்க யாருமே ஜெயிக்க வரலையா?”

“யார் வருவா? ட்ரீசா மூணு வருஷத்துக்கு முன்னாடி ஜெயிச்சா. அதுக்கப்புறம் ரெண்டு வருஷமும் நாலு பேருக்கு மேல சேரல. விவரம் தெரிஞ்ச வீடு இந்த மாவட்டத்துலயே நாலு அஞ்சுதான். அஞ்சாவதா எப்பவும் தெரியாத ஒருத்தியைத்தான் பிடிக்கணும்.” சொல்லிவிட்டு மிஸ்டி கென்ட்ராவின் கையைத் தொட்டாள். “தப்பா நினைக்காதே. உன்னைப் பாத்ததும் எங்கம்மா சாமிக்கு நன்றி சொன்னாங்க.”

இரவெல்லாம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள் கென்ட்ரா. இரண்டாவது வருவதற்குத் திறமை வேண்டும், அது அவளிடம் இல்லை. ஐந்தாவது வர யாராலும் முடியும். பணம் இல்லாவிட்டால் பர்மிங்ஹாமில் ஏதாவது ஓட்டலில் தட்டுக் கழுவிக்கொண்டு படிக்கலாம். சீட்டு இல்லாவிட்டால் என்னத்தைக் கழுவுவது?

ஆகவே தனித்திறன் பிரிவில் மேடைக்கு எது ஆகவே ஆகாதோ அதைத் தேடிப் பிடித்தாள். கோழி வெட்டுதல். ஏழு வயதில் அம்மாவிடம் பழகியது. மிஸ் யூலீனின் முத்து மாலைக்கு முன்னால், தரையைத் தொடும் கவுனில், ரப்பர் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு ஒரு முழுக் கோழியைப் பலகையில் போட்டால் எந்த நடுவர்தான் மார்க்குப் போடுவார்? திட்டம் பிரமாதமாக இருந்தது. அதில் ஒரே ஒரு ஓட்டை, பார்க்க வருகிறவர்கள் யார் என்று அவள் யோசிக்கவில்லை.

ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை சாயங்காலம், பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் நானூறு பேர். திரைக்குப் பின்னால் ட்ரீசா நின்றுகொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக அவள் கார் தெரிந்தது. பின் சீட்டில் கூரை வரைக்கும் பெட்டிகள்.

“எங்கிட்ட ஏன் சொல்லல?” என்று கேட்டாள் கென்ட்ரா.

“சொல்லியிருந்தா வந்திருப்பியா?”

“மாட்டேன்.”

“அதான்,” என்றாள் ட்ரீசா. அப்போது வெளியே ஒரு லாரி போனது. அவள் கை தானாக எழுந்து, முழங்கையிலிருந்து, அதற்கு ஆட்டியது. அவளே அதைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

நடுவர்கள் மூன்று பேர், மூவரும் வெளி மாவட்டம். ஒரு பல் வைத்தியர், ஓய்வு பெற்ற பேண்டு வாத்தியார், வானொலியில் வானிலை சொல்பவர். பியானோப் பெண் வழக்கமான கட்டையில் பிசகினாள். தடி சுழற்றும் பெண் தடியை ஒருமுறை போட்டாள், பதற்றத்தில் இன்னொரு முறையும் போட்டுவிட்டு, மூன்றாம் இடத்துக்கு இறங்கிவிட்டது தெரிந்து மேடையிலேயே அழுதாள். இன்னொரு பெண் சொற்பொழிவில் ஒரே ஒரு வரியை மறந்தாள். மிஸ்டியின் கடைசிச் சுரம் மயிரிழை இறங்கியது. நாலாவது வரிசையில் அவள் அம்மா கண்ணை மூடிக்கொண்டு மூச்சு விட்டாள்.

கென்ட்ரா கோழியைப் பலகையில் வைத்தாள். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. நல்லது, சிரிக்கப்போகிறார்கள் என்று நினைத்தாள். கத்தியை எடுத்தாள். மோசமாக வெட்ட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தாள், ஆனால் கத்தி கைக்கு வந்ததும் கைக்குத் தன் வேலை மட்டும்தான் தெரிந்தது. கால், தொடை, இறக்கை. மூட்டைத் தேடவே இல்லை, கத்தி அதுவாகப் போய் விழுந்தது. முணுமுணுப்பு எண்ணிக்கையாக மாறியது. ஒண்ணு, ரெண்டு, மூணு. நானூறு பேரில் முன்னூறு பேர் ஆலைத் தொழிலாளிகள். வருடக் கணக்கில் வரிசையில் நின்று செய்யும் காரியத்தை விளக்கு வெளிச்சத்தில், மேடையில் யாரும் அவர்களுக்குக் காட்டியதில்லை. எட்டாவது துண்டு விழுந்தபோது முப்பத்தெட்டு விநாடி. கூடமே எழுந்து நின்றது. பேண்டு வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆலைக்குள் பதினோரு வருடமாகக் காலே வைக்காத மிஸ் யூலீனின் புருஷன் எழுந்து, “நம்ம பொண்ணு,” என்றார்.

கென்ட்ரா கத்தியைக் கீழே வைத்தாள். ஆனால் கேள்விச் சுற்று பாக்கி இருந்தது. அங்கே உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தாள்.

பல் வைத்தியர் கேட்டார். “அரசியானா இந்த மாவட்டத்துக்கு என்ன செய்வேம்மா?”

“நான் அரசியாக விரும்பல சார்,” என்றாள் கென்ட்ரா. ஒலிபெருக்கியில் குரல் கணீரென்று கேட்டது. “பர்மிங்ஹாம்ல எனக்கு நர்சிங் சீட்டு இருக்கு. ஆகஸ்ட்ல போகணும். அங்கே போறதுக்காகத்தான் இதுல சேர்ந்தேன். தயவுசெஞ்சு வேற யாருக்காவது குடுங்க.”

வானிலைக்காரர் பக்கத்தில் சாய்ந்து பல் வைத்தியரிடம் ஏதோ சொன்னார். பல் வைத்தியர் ‘பணிவு’ என்ற கட்டத்தில் பத்துக்குப் பதினொன்று போட்டார்.

முடிவை அறிவிப்பதற்கு முன் மிஸ் யூலீன் பேசினார். “முப்பத்தெட்டு வருஷமா இந்த மேடையில எல்லாப் பொண்ணுங்களும் எனக்குக் குடு, எனக்குக் குடுன்னுதான் நின்னாங்க. வேணாம்னு சொன்ன முதல் பொண்ணு இவதான். பதவியைத் தேடி வர்றவளுக்குக் குடுக்கக் கூடாது. ஓடறவளைப் பிடிச்சு வெச்சுக் குடுக்கணும். அதுதான் நம்ம மாவட்டம்.”

மிஸ்டி இரண்டாவது. அவள் அம்மா நாற்காலிக்கும் நாற்காலிக்கும் நடுவே மண்டி போட்டுவிட்டாள். ட்ரீசா கிரீடத்தை வைத்து ஊசிகளைத் தலைத்தோலோடு சேர்த்துக் குத்தினாள். “மன்னிச்சுக்கோ,” என்று காதோரம் சொன்னாள். “ஊர்வலத்தன்னிக்கு உள்ள ரெண்டு சாக்ஸ் போட்டுக்கோ, குளிரும்.” தேசிய கீதம் முடிவதற்குள் வெளியே கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

கடைசி வரிசையில் வெல்டா கை தட்டிக்கொண்டிருந்தாள். சுற்றி எல்லோரும் தட்டியதால் தட்டினாள். முதலாளியே வந்து அவள் கையைக் குலுக்கினார், பதினாறு வருடத்தில் முதல்முறையாக. விரல் கட்டு அவிழ்ந்து அவர் கையோடு போனது.

வீட்டுக்கு வந்து சமையலறை மேஜையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

“ஜெயிக்காம வான்னுதானே சொன்னேன்,” என்றாள் வெல்டா.

“முயற்சி பண்ணேம்மா,” என்றாள் கென்ட்ரா. அதற்கு மேல் தாங்காமல் கிரீடத்தோடு மேஜையில் தலையைச் சாய்த்து அழுதாள். கிரீடம் இடித்ததால் அழுவதுகூடச் சரியாக வரவில்லை.

அப்புறம் ஆட்சி நடந்தது. டயர் கடை திறந்து வைத்தாள். மாவட்டத்தின் மிகப் பெரிய முட்டைக்குப் பரிசு கொடுத்தாள். கல்வியின் அவசியத்தைப் பற்றி ஒன்பது பள்ளிக்கூடங்களில் பேசினாள். ஒன்பதாவது பள்ளிக்கூடத்தில் பேசிய அன்று, ஆகஸ்டு பதினைந்தாம் தேதி, அவள் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாகக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. டிசம்பரில் ஊர்வலம். குழந்தைகள் கையாட்டின, அவளும் ஆட்டினாள், முழங்கையிலிருந்து. உள்ளே இரண்டு சாக்ஸ் போட்டிருந்தாள்.

மறுபடி விண்ணப்பித்ததில் ஜனவரியில் மறுபடி சீட்டுக் கிடைத்தது. வரும் ஆகஸ்டுக்கு. இந்த முறை எந்தப் பெண்ணிடமும் எதையும் மறைப்பதில்லை என்று கென்ட்ரா உறுதியாக இருந்தாள். விவரம் தெரிந்த வீடுகளிலிருந்து நாலு பேர் வழக்கம்போல் வந்துவிட்டார்கள். ஐந்தாவதாகச் சிக்கிய பெண்ணிடம் பதினாலாவது விதியை முழுக்கச் சொன்னாள். அவள் நன்றி சொல்லிவிட்டு எழுந்து போனாள். அடுத்தவளிடமும் சொன்னாள். அவளும் போனாள். அதற்கடுத்தவள் நன்றிகூடச் சொல்லவில்லை.

மிஸ் யூலீன் போன் செய்தார். “அஞ்சு வராட்டிப் பரவால்ல கண்ணு. கவலைப்படாதே. அந்தக் கிரீடம் உன் தலைக்கு இன்னொரு வருஷமும் நல்லாத்தான் இருக்கும்.”

விண்ணப்பம் வாங்கும் கடைசி நாள், மத்தியான இடைவேளை. கேன்டீன் ஜன்னலோரம் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். கென்ட்ராவுக்கு அவளைத் தெரியாது. வாயில் சாண்ட்விச், கையில் ஏதோ கல்லூரியின் விளக்கப் புத்தகம், மூலையெல்லாம் மடிந்து. கென்ட்ரா வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். வெட்கமாக இருந்தது, நிஜமாகவே வெட்கமாக இருந்தது. பிறகு பல்லை நாக்கால் ஒருமுறை துழாவிக்கொண்டு எதிரே போய் உட்கார்ந்தாள்.

“உன்கிட்ட என்னமோ இருக்கு.”

அந்தப் பெண் முகவாயைத் துடைத்துக்கொண்டாள். கென்ட்ரா நீட்டிய விண்ணப்பத் தாளை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். “ஜெயிச்சா உடனே காலேஜுக்குப் போலாமா?”

கென்ட்ரா சிரித்தாள்.

“இது அழகிப் போட்டி இல்ல,” என்றாள்.